பேர் வெட்டிய கேமரா

போன மாதம் தஞ்சாவூரில் தங்கியிருந்தபோது மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு நண்பர் பார்க்க வந்தார். நெல் வியாபாரி. கையில் மஞ்சள் பை. பைக்குள் எவர்சில்வர் டப்பா, டப்பாவுக்குள் துணி, துணிக்குள் மவுத் ஆர்கன் சைஸில் வெள்ளி நிறத்தில் ஒரு சாமான்.

‘‘கேமரா சார். பெரியப்பாவோடது. என்ன விலை பெறும்னு சொல்லுங்க.’’

வாங்கிப் பார்த்தேன். மினோல்ட்டா 16. பதினாறு மில்லிமீட்டர் அகல ஃபிலிமில் படம் எடுக்கும் ஜப்பான் கேமரா. முனையைப் பிடித்து ஒரு இழு, ஒரு தள்ளு. ஃபிலிம் ஒரு படம் நகர்ந்து, ஷட்டரும் தயாராகிவிடும். இழுத்தேன், தள்ளினேன், அமுக்கினேன். ‘டிக்’ என்றது. அறுபது வருஷம் கழித்தும் டிக்.

பெரியப்பா பினாங்கில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். 1964-ல் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கியபோது கோடாலித் தைலம், குடை, டார்ச் லைட் வகையறாக்களோடு இதுவும் வந்தது. ரஜூலாவைத் தெரியாதவர்களுக்கு: 1926-லிருந்து 1973 வரை, போர்க்காலம் நீங்கலாக, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய் வந்துகொண்டிருந்த கப்பல். கீழத்தஞ்சையில் பல வீட்டு டிரங்குப் பெட்டிகள் அதில் வந்தவைதான்.

பெரியப்பாவுக்குப் பிள்ளையில்லை. பெரியம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஊரிலிருக்கும் வீட்டை விற்று நான்கு பேர் பாகம் பிரித்துக்கொள்கிறார்கள். பாத்திரங்களில் தகராறு இல்லை. அண்டாவிலும் குடத்திலும் யார் பேர் வெட்டியிருக்கிறதோ அவர்கள் வழிக்குப் போய்விட்டது. கேமராவை மட்டும் நாலாக உடைக்க முடியாது. விற்றுத்தான் பங்கு போட வேண்டும்.

‘‘பழைய சாமான் வாங்கற ஒருத்தர்கிட்ட காட்டினேன் சார். இது இருக்கறதால பாதி விலைதான்னுட்டார்’’ என்று கேமராவைத் திருப்பிக் காட்டினார்.

அடிப்பக்கத்தில், பாத்திரக் கடையில் சிற்றுளியால் தட்டித் தட்டி வெட்டுவார்களே, அதே புள்ளி எழுத்தில் பெரியப்பாவின் இனிஷியல். கீழே ‘பினாங்கு’. அதற்கும் கீழே ‘1964’. எவர்சில்வர் தூக்குக்குப் பேர் வெட்டுகிற அதே ஆளிடம், அதே கூலிக்கு, ஜப்பான் கேமராவையும் கொடுத்திருக்கிறார் மனுஷர்.

‘‘மெருகு போட்டு இதை அழிச்சுட்டுக் கொண்டாங்க, விலை கூடும்கறார். அழிச்சுடலாமா சார்?’’

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில். கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வருவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இந்தக் குட்டி கேமராக்களுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி? நாமெல்லாம் கல்யாண ஆல்பம் போட்ட 35 எம்.எம். ஃபிலிமில் ஒரு படம் 24-க்கு 36 மில்லிமீட்டர். அதைவிடக் குறுகலான ஃபிலிமில் எடுப்பவையெல்லாம் குட்டி வகை. 1980-களில் டி.வி.யில் விளம்பரம் போட்டு விற்ற ஹாட் ஷாட் 110 உங்கள் வீட்டிலும் இருந்திருக்கலாம். அதுவும் இந்த வம்சம்தான்.

வம்சத்தின் ராஜா மினாக்ஸ். 1905-ல் ரிகா நகரில் பிறந்த வால்டர் ஸாப் என்பவர் 1936-ல் இதன் மாதிரியைச் செய்து முடித்தார். லாட்வியாவின் வி.இ.எஃப். தொழிற்சாலையில் தயாரானது. படத்தின் அளவு 8-க்கு 11 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு சுருளில் 50 படம். 20 சென்டிமீட்டர் தூரத்தில் உள்ளதைக்கூடத் துல்லியமாக எடுக்கும். தூரத்தை அளக்க ஒரு சங்கிலி உண்டு. அதில் ஆங்காங்கே மணி கோத்திருக்கும். மேஜை மேல் காகிதத்தை வைத்து, சங்கிலியைப் பிடித்து அளந்து, ‘கிளிக்’.

இந்தச் சங்கிலிதான் வம்பு. காகிதம் என்றால் ரகசியக் காகிதம் என்று ஆகி, மினாக்ஸ் ஒற்றர்களின் கேமரா ஆகிவிட்டது. ஒற்றர்கள் நிஜமாகவே பயன்படுத்தினார்கள் என்பது வாஸ்தவம். 1969-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்திலும் மினாக்ஸ் தலைகாட்டியது. ஆனால் ஸாப் மனசில் ஒற்றன் கிடையாது. எப்போதும் சட்டைப் பையிலேயே கிடக்கிற கேமரா வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அவர் 2003-ல் காலமானார். செல்போனில் கேமரா வைக்க ஆரம்பித்திருந்த சமயம். அவருடைய ஆசை கோடிக்கணக்கான பைகளுக்குள் போனது அதற்கப்புறம்தான்.

ராஜா இருந்தால் கோமாளியும் இருக்க வேண்டுமே. யுத்தம் முடிந்து ஜப்பான் அமெரிக்காவின் பிடியில் இருந்த காலத்தில் ‘ஹிட்’ என்று ஒரு வகை வந்தது. பதினேழரை மில்லிமீட்டர் ஃபிலிம், பத்துப் படம். உள்ளங்கைக்குள் மறைந்துவிடும். படம்? எடுத்தது ஆளா ஆலமரமா என்று யோசிக்க வேண்டும். பொம்மை என்று ஒப்புக்கொண்டால் அழகான பொம்மை.

சரி, விலைக்கு வருவோம். பழைய கேமரா சேர்ப்பவர்களுக்கு மெக்கியோன் என்ற அமெரிக்கர் தொகுத்த விலைக் கையேடு வேதப்புத்தகம் மாதிரி. 2005-06-க்கான பன்னிரண்டாம் பதிப்பு செங்கல் கனம் இருக்கும். இன்று இணைய ஏலங்களில் கடைசியாக எவ்வளவுக்குப் போனது என்றும் பார்த்துக்கொள்கிறார்கள். (ஒரு எச்சரிக்கை: கேட்கிற விலை வேறு, விற்ற விலை வேறு. விற்றதை மட்டும் பாருங்கள். கேட்பதற்கு யாரும் கேட்கலாம்.)

விலை போடும் சூத்திரம் எளிது. எவ்வளவு அபூர்வம்? எவ்வளவு புதுசு போல இருக்கிறது? பெட்டி, உறை, சங்கிலி எல்லாம் கூட இருக்கிறதா? வேலை செய்கிறதா? வேடிக்கை என்னவென்றால், கடைசிக் கேள்விக்குச் சில சமயம் மதிப்பே இல்லை. அலமாரியில் உட்காரப்போகிற சாமான் வேலை செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன?

இந்தக் கணக்குப்படி நண்பரின் மினோல்ட்டா பாவப்பட்ட ஜென்மம். 1957-ல் ஆரம்பித்து ஏராளமாகச் செய்து தள்ளினார்கள். வெள்ளி நிறம் எங்கும் கிடைக்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்று சில நிறங்களில் வந்ததற்குத்தான் மவுசு. நம்முடையது வெள்ளி. பெட்டி இல்லை. உறையைக் கரையான் தின்றுவிட்டது. கிடைக்கிற பணத்துக்கு ஒரு நல்ல பித்தளைக் குத்துவிளக்குகூட வராது. அதிலும் பாதி என்றால் திரி வாங்கலாம்.

சேர்ப்பவர்களைக் கிண்டல் செய்வது என் நோக்கமல்ல. மும்பையின் திலிஷ் பரேக் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் 4,425 பழைய கேமராக்கள் சேர்த்து கின்னஸில் இடம் பிடித்தார். குருகிராமில் ஆதித்ய ஆர்யா முயற்சியில் 2019-ல் ஒரு கேமரா மியூசியமே திறந்தார்கள். இப்படிப்பட்டவர்கள் இல்லையென்றால் இவையெல்லாம் பேரீச்சம்பழத்துக்குப் போயிருக்கும். என் சண்டை அவர்கள் கையிலிருக்கும் தராசோடு.

அந்தத் தராசு எழுத்துக்களை எப்படி எடை போடுகிறது பாருங்கள். சோவியத் யூனியன் 1940-ல் லாட்வியாவை விழுங்கியது. அடுத்த வருஷம் ஜெர்மன்காரர்கள் வந்துவிட்டார்கள். இடைப்பட்ட கொஞ்ச மாதங்களில் ரிகாவில் செய்த மினாக்ஸில் ‘மேட் இன் லாட்வியா’வுக்குப் பதிலாக ‘மேட் இன் யு.எஸ்.எஸ்.ஆர்.’ என்று பொறித்தார்கள். அதே கேமரா, அதே லென்ஸ். ஆனால் அந்த எழுத்துக்குத் தனி விலை. ‘ஹிட்’ பொம்மையில் ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் அதைத் தேடிப் பிடிக்கவே ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு நாடு இன்னொரு நாட்டின் கழுத்தில் காலை வைத்ததற்கான அத்தாட்சிக்கு விலை கூடுகிறது.

பெரிய மனுஷர் பேர் என்றால் கேட்கவே வேண்டாம். லைக்கா கேமராவை உருவாக்கிய ஆஸ்கர் பார்னாக் சொந்தமாக வைத்திருந்த லைக்கா ஒன்று, 105-ம் எண், 2022-ல் ஜெர்மனியில் ஏலத்துக்கு வந்தது. கமிஷன் எல்லாம் சேர்த்து 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்குப் போயிற்று. வியூஃபைண்டரின் மேல் அவர் பேர் பொறித்திருக்கிறது. அது குட்டி கேமரா அல்ல. ஆனால் நியாயம் ஒன்றுதான்.

ஆக, அரசாங்கம் பொறித்தால் சரித்திரம். பிரபலம் பொறித்தால் பொக்கிஷம். மன்னார்குடிப் பக்கத்துக் கணக்குப்பிள்ளை பொறித்தால் கீறல். பாதி விலை. இது என்ன நியாயம்?

சந்தைக்கு ஒரு பதில் உண்டு. ‘யாரென்றே தெரியாத ஒருவரின் பேர் எனக்கு எதற்கு?’ என்று வாங்குபவர் கேட்பார். நியாயமான கேள்விதான். பார்னாக் யாரென்று புத்தகத்தில் இருக்கிறது. கணக்குப்பிள்ளை யாரென்று யாரும் எழுதி வைக்கவில்லை. அப்படியானால் குறை பேரிலா, எழுதி வைக்காததிலா?

தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு இதை யோசித்தால் பெரிய கோயில் நினைவுக்கு வராமல் இருக்குமா? விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ராஜராஜன் வெட்டவைத்த எழுத்துக்களும் ஒரு விலைக் கையேடுதான். கோயிலுக்கு என்னென்ன பொன் பாத்திரம், என்னென்ன நகை, ஒவ்வொன்றும் எவ்வளவு எடை என்று கணக்கு. பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கு ‘ஆடவல்லான்’ என்றும், நகை நிறுத்த கல்லுக்கு ‘தட்சிணமேரு விடங்கன்’ என்றும் பேர். நம் தராசுக்காரர்கள் பார்த்தால் பொறாமைப்படுவார்கள். ஆனால் அந்தக் கணக்கில் எடையோடு நிற்கவில்லை. கொடுத்தது யார் என்பதும் கூடவே வருகிறது. ராஜா கொடுத்தது தனி, அக்கா குந்தவை கொடுத்தது தனி.

திருச்சுற்று மதிலுக்குப் போனால் இன்னும் ஆச்சரியம். கோயில் பணிக்காகச் சோழநாட்டு ஊர்களிலிருந்து வரவழைத்த நானூறு பெண்கள். ஒவ்வொருவர் பேர், எந்தக் கோயிலிலிருந்து வந்தார், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, எல்லாம் கல்லில். ஒரு பங்குக்கு வருஷம் நூறு கலம் நெல். அந்தப் பேர்களை மெருகு போட்டு அழித்தால் கல் பளபளப்பாகத்தான் இருக்கும். வெறும் கல்லாகவும் இருக்கும்.

இதில் கேமராவுக்கு என்ன சம்பந்தம் என்றால், இருக்கிறது. 1858-ல் கேப்டன் லின்னேயஸ் டிரைப் தஞ்சாவூருக்கு வந்தார். சென்னை மாகாண அரசாங்கத்தின் புகைப்படக்காரர். அவருடைய பெட்டிக் கேமரா எடுத்த காகித நெகட்டிவ் ஏறக்குறைய 12-க்கு 15 அங்குலம். அந்த ஒரு நெகட்டிவ் இடத்தில் மினாக்ஸ் படங்கள் 1,300 வைக்கலாம். மூட்டை முடிச்சுக்கு மாட்டு வண்டிகள். அத்தனை பாடுபட்டு வந்தவர் கோபுரத்தை எடுத்தார், நந்தியை எடுத்தார். அதோடு விடாமல், விமானத்தின் அடிப்பகுதியில் அந்த எழுத்துக்களை வரிசையாக நகர்ந்து நகர்ந்து எடுத்தார். 21 படங்களை ஒட்டிச் செய்த அந்தச் சுருளின் நீளம் 19 அடி. ஒரு வெள்ளைக்காரருக்குப் பேர் வெட்டியிருப்பது முக்கியம் என்று பட்டிருக்கிறது. அடுத்த வருஷமே கவர்னர் டிரெவெல்யன் இது வீண் செலவு என்று நிறுத்திவிட்டார். மதிப்புப் போடுவதில் அப்போதே தகராறு இருந்திருக்கிறது. 2015-ல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் டிரைப்பின் படங்களுக்குத் தனிக் கண்காட்சியே வைத்தார்கள்.

நண்பரிடம் கேட்டேன். ‘‘பெரியப்பா எடுத்த படம் ஏதாவது இருக்கா?’’

‘‘பதிமூணு இருக்கு சார். அதை யார் வாங்கப் போறா?’’ என்று சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார்.

கதை கேட்டேன். பினாங்கிலிருந்து கொண்டுவந்த ஃபிலிம் சீக்கிரமே தீர்ந்துவிட்டது. 16 எம்.எம். கேஸட்டுக்கு டெல்டாவில் எங்கே போவது? உள்ளூர் ஸ்டூடியோக்காரர் இருட்டறையில் 35 எம்.எம். ஃபிலிமை நீளவாக்கில் கிழித்து, காலி கேஸட்டில் சுற்றிக் கொடுத்திருக்கிறார். பாதிச் சுருள் கீறலாகிவிடும். மிச்சத்தில் தேறியவை இந்தப் பதிமூன்று.

ஒன்றில் பெரியம்மா. களத்துமேடு. அறுவடைச் சமயம். கையில் மரக்கால். தலைமுடி கலைந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பக்கத்தில் நிற்கும் யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். கேமராவைப் பார்க்கவில்லை. படம் என்னவோ ரவையைக் கொட்டியது போல் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கிறது. 10-க்கு 14 மில்லிமீட்டர் நெகட்டிவைப் பெரிசுபண்ணினால் அப்படித்தான். ஸ்டூடியோக்காரர் தூக்கிப் போட்டுவிடுவார்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அறுபதுகளில் நம் வீட்டுப் பெண்கள் எத்தனை தடவை படம் எடுத்துக்கொண்டார்கள்? கல்யாணத்துக்கு ஒன்று. குழந்தை பிறந்தால் ஒன்று. பின்னால் திரைச்சீலை, பக்கத்தில் பிளாஸ்டிக் பூ ஜாடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நேர்ப்பார்வை. சிரிக்கக்கூடாது. களத்தில் மரக்காலோடு சிரிக்கிற பெண்ணை எந்த ஸ்டூடியோ எடுத்தது? பெரிய கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தினால் அந்தச் சிரிப்பு போய்விடும். மடியிலிருந்து எடுத்து, ‘டிக்’ என்று அடித்து, திரும்ப மடியில் வைத்துக்கொள்கிற சாமானுக்குத்தான் அது கிடைக்கும்.

குட்டி கேமராவின் நிஜமான சாதனை இதுதான் என்று நினைக்கிறேன். ஒற்றர்களைவிட வீட்டுக்காரர்கள்தான் அதை ஒழுங்காகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். லென்ஸில் சுமார், கூர்மையில் சுமார், தைரியத்தில் முதல் தரம். விலைக் கையேடு இந்தப் பாயிண்ட்டுக்கு மார்க் போடுவதில்லை. பெட்டிக்குப் போடுகிறது, சங்கிலிக்குப் போடுகிறது, அதனால் எடுத்த படத்துக்குப் போடுவதில்லை. ஒருமுறைகூடப் பயன்படுத்தாத கேமராதான் உச்ச விலை. சாப்பிடாத இலைக்கு விருது கொடுப்பது போல.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது இருக்கலாம். நான்கு வார்த்தை சொல்லி வைக்கிறேன்.

மெருகு போடாதீர்கள். சந்தைக்காகச் சொன்னாலும் அதுதான் சரி. அலுமினியத்தின் மேல்பூச்சு போய்விட்டால் விவரம் தெரிந்தவர்கள் இன்னும் விலையைக் குறைப்பார்கள். தோல் உறைக்குள் வைத்து மூடாதீர்கள். டெல்டா ஈரத்துக்கு உறை பூஞ்சையை வளர்க்கும், பூஞ்சை லென்ஸைத் தின்னும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். செல்போன் நனைந்தால் அரிசியில் புதைக்கிற வழக்கத்தில் கேமராவை அரிசி டின்னில் போட்டுவிடாதீர்கள். மாவு ஷட்டருக்குள் போகும். நெகட்டிவ் இருந்தால் கேமராவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள், சீக்கிரம் ஸ்கேன் செய்யுங்கள். கடைசியாக, ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். யார் வாங்கினார், எந்த வருஷம், எந்தக் கப்பல், யாரை எடுத்தார். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் வெட்டிய பேர் கீறல்தான். இருந்தால் சாசனம்.

நண்பரிடம் சொன்னது இதுதான்: ‘‘அழிக்காதீங்க. அழிச்சா கூடுதலா கிடைக்கறது நாலு பேருக்கு ஆளுக்கு ஒரு டிபன் காசு. பேர் போனா அது ஜப்பான்ல செஞ்ச லட்சத்துல ஒண்ணு. பேரோட இருந்தா உலகத்துல ஒண்ணே ஒண்ணு.’’

அவர் சமாதானமானதாகத் தெரியவில்லை. டப்பாவை மூடி, மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டார். பாகப்பிரிவினை நேரத்தில் தத்துவம் சொல்கிற ஆளை யாருக்குப் பிடிக்கும்?

பத்து நாள் கழித்து போன்.

‘‘சார், கேமராவை நானே எடுத்துக்கிட்டேன். மத்த மூணு பேர் பங்கையும் கொடுத்துட்டேன்.’’

‘‘அட, பரவாயில்லையே!’’

‘‘ஒண்ணும் பெரிசில்ல சார். பேர் வெட்டியிருக்கு, பாதி விலைதான் பெறும்னு நாலு பேருக்கும் சொன்னேனா, அவங்களும் ஒத்துக்கிட்டாங்க. முழு விலைன்னா யோசிச்சிருப்பேன்.’’

நெல் வியாபாரியிடம் போய் மதிப்பைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன், பாருங்கள்!